வேலிக்கணக்கு பேசிய ஊரில் ஒரு கிளுவைக் குச்சி இல்லை

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தையே வேலிக் கணக்கில்தான் சொல்வார்கள். 20 மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்றுக் கூட வரும். பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் நிலத்துக்கு வேலிக் கணக்கு உண்டு. அந்த மண்ணில் இன்று முளைக்கிற 'நகர்'களைச் சுற்றிப் பாருங்கள், முள்கம்பியும் காம்பவுண்டு சுவரும்தான். செடி நட்டு வளர்க்கும் உயிர்வேலி ஒன்றுகூட இல்லை.

நான் வீடு கட்டிய மனைப்பிரிவும் நெல் விளைந்த வயல்தான். மனை போட்டவர்கள் செய்த முதல் வேலை, ஜேசிபி வைத்து சுற்று வரப்பில் நின்ற பூவரசு, நொச்சி, ஒதியம் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளியது. அப்புறம் மண்ணடித்து, கருங்கல் கால் நட்டு, கம்பி இழுத்தார்கள். நான் குடிவந்த வருடம் தெருவில் ஒரு குருவிச் சத்தம் கிடையாது. மனசு கேட்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் கிராமத்திலிருந்து கிளுவை என்ற முள்செடியின் போத்தும் (நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு) பூவரசம் போத்தும் வெட்டிவந்து முழத்துக்கு ஒன்றாக ஊன்றினேன். இடையில் நொச்சியும் ஆடாதொடையும். ஆடு மாடு இரண்டையும் கடிக்காது. ஐப்பசி மழையில் முக்கால்வாசி துளிர்த்தது. அதற்கு மேல் வந்ததை நான் நடவில்லை. காற்றில் பஞ்சு விதை வந்து வேலிப்பருத்தி ஏறியது, பறவை எச்சத்தில் கோவை முளைத்தது. வேலிப்பருத்தி இலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு. கொஞ்ச நாளில் செம்மஞ்சள் பட்டாம்பூச்சிகள். கோவைப் பழத்துக்குக் கொண்டைக்குருவி வந்தது. மூன்றாம் வருடம் பூவரசில் ஒரு தையல்சிட்டு. கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இரண்டு இலையைச் சேர்த்து, ஓரத்தில் அலகால் துளை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தது. அன்று வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டார், "ஏன் தம்பி, பாம்பு வராதா?" வரும், பெரியம்மா. சாரை வரும், அது எலியைத் தின்னும், கீரியும் வரும். ஆனால் நம் தெருமுனையில் கொட்டிக் கிடக்கும் செங்கல் குவியலிலும் குப்பையிலும் எலி பெருகி, அதைத் தேடி வரும் நல்ல பாம்புக்குத்தான் நான் பயப்படுகிறேன். வேலியின் அடியைக் கூட்டி, வருடம் ஒரு முறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் போதும்.

இன்னொன்று, தண்ணீர். டெல்டா தட்டையான மண். சுவர்மேல் சுவராக எழுப்பிவிட்டு, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீர் மூன்று நாள் நிற்கிறதே என்று புலம்புகிறோம். வேலிக்கால் வழியாகத் தண்ணீர் தானாக வாய்க்காலுக்கு வடிந்துவிடும்.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கிறது, புதிய உருக்காலைகளைத் தடுக்கிறது. வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. சரி, வீடு எல்லோருக்கும் வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் பொது இடம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அனுமதியிலேயே 'சுற்று எல்லையில் நாட்டுச் செடிகளால் உயிர்வேலி' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்கிறேன். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானங்கள் அங்கே முன்பிருந்த இயற்கையைவிட 10 சதவீதம் கூடுதலாக உண்டாக்கி 30 வருடம் காக்க வேண்டும். உயிர்வேலியை அதில் தனியாகவே அளக்கிறார்கள். வேலியை வைத்தே நிலத்தை அளந்த நமக்கு இது முடியாதா?

ஒரே ஒரு வேண்டுகோள், பச்சையாக இருக்கிறதே என்று சீமைக்கருவேலத்தையும் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தையும் வேலிக்கு வைக்காதீர்கள். கோனோகார்பஸை குஜராத்தில் 2023-லேயே தடை செய்துவிட்டார்கள்.

வரும் புரட்டாசியில் என் வேலியைக் கவாத்து செய்வேன். கிளுவை, பூவரசு, நொச்சிப் போத்து நிறைய மிஞ்சும். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் புதுமனையில் நட நினைப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வெட்டிக் கட்டி வைக்கிறேன்.