அந்த வீடியோவை இனியும் எனக்கு அனுப்பாதேயுங்கோ

நேற்று இரவு வரைக்கும் ஏழு பேர் எனக்கு அதே வீடியோவை அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டு. தனக்கு வந்த மனநோயைப் பற்றி ஒரு மண்டபத்தில் மேடையேறிக் கதைத்த பெடியன் மைக்கைப் பிடித்தபடி அழுகிற இருபது விநாடி மட்டும்தான் அதில் இருக்கிறது. 'ஷெல்லுக்கே பயப்படாத இனம், இப்ப மைக்கைக் கண்டு அழுகுது' என்று ஒருவர் கொமெண்ட் எழுதியிருக்கிறார். அதற்கு விழுந்திருக்கும் லைக்குகளைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் அந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவன் மைக்கைக் கண்டு அழவில்லை. பதினைந்து நிமிடம் தெளிவாகக் கதைத்தான். இரண்டு வருடமாக நித்திரை இல்லாமல் கிடந்தது, வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பண்ணைப் பாலத்தடியில் பொழுதுபட இருந்துவிட்டு வந்தது, பிறகு டொக்டரிடம் போனது, இப்போதும் மருந்து எடுப்பது, எல்லாவற்றையும் சொன்னான். பொம்பிளை பார்க்கிற வயதுப் பெடியன். மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி மந்திகையில் இருப்பதால் 'மந்திகைக்குக் கொண்டு போங்கோ' என்பதை ஒரு வசவாகவே சொல்லிப் பழகின ஊரில், சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிற இடத்தில் நின்று இதைச் சொல்கிறான். தாயைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில்தான் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு, 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். வீடியோவை வெட்டின புண்ணியவாளர் அந்த இலக்கத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார். எனக்குக் கோபம் அதில்தான் கூட.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் துணிந்தவன் அவன்தான். திரும்பவும் சொல்கிறேன், அவன்தான். சிரிப்பார்கள் என்று தெரிந்தும் ஏறினான், பயந்துகொண்டே ஏறினான், கை நடுங்கியதை நான் கண்டேன். பயமே இல்லாதவனுக்குத் துணிவு எதற்கு?

'அப்ப அழாதவன் எல்லாம் கோழையோ' என்று கேட்க வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, விடுங்கள். 'இப்ப எல்லாரும் அழுது லைக் வாங்குறாங்கள்' என்பதும் சில பேர் விஷயத்தில் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'இவ்வளவு பட்ட இனம், பலவீனத்தை வெளியில காட்டக்கூடாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்தார்களே, கெமராவுக்கு முன்னால், யார் யாரோ வந்து படம் பிடித்துக்கொண்டு போக, பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்து வாய்விட்டு அழுதார்களே. அது பலவீனமா? அவர்களில் எத்தனையோ பேர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். இந்த மண்ணில் அவர்களை விடத் துணிந்த ஆட்களை எனக்குக் காட்டுங்கள். தாய் அழுதால் போராட்டம், பெடியன் அழுதால் கேவலம், இது என்ன நியாயம்?

என் அப்பாவைப் பற்றி இங்கே எழுதுவதில்லை என்று இருந்தேன். 1995 ஒக்ரோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவு, அப்பம்மாவைக் கரியரிலும் என்னை முன் பாரிலும் இருத்தி, மழைக்குள்ளே செம்மணி வெளியால் சைக்கிளை உருட்டி நாவற்குழிப் பாலத்தைக் கடந்த மனுசன். அப்பம்மா அதற்குப் பிறகு வீட்டைக் காணவில்லை, மீசாலையிலேயே போய்விட்டா. அப்பா அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. 'உன்ர கொப்பர் இரும்படா' என்று ஊரில் சொல்வார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

2011 இல் ஒரு நாள் இரவு, கால் கழுவப் போனபோது அப்பா கிணற்றுக்கட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தார். வாளிக் கயிறு கையில் அப்படியே இருந்தது. நான் சத்தம் போடாமல், சருகில் கால் படாமல், வந்த வழியே திரும்பிவிட்டேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அவர் ஏதாவது சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டு நிற்கிற துணிவு என்னிடம் இருக்கவில்லை. விடிய எழும்பி இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம், மழை வருமா என்று கதைத்தோம். நாலு வருடத்தில் அவரும் போய்விட்டார். அன்றைக்கு எதற்கு அழுதார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தப் பெடியன் மேடையால் இறங்கி என் பக்கத்தால்தான் போனான். எழும்பி அவன் கையைப் பிடித்திருக்கலாம். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் வீடு எனக்குத் தெரியும். இன்றைக்குப் பின்னேரம் போகிறேன். என்ன கதைப்பது என்று தெரியவில்லை, படலையைத் தட்டுவேன்.