படகிலிருந்து இறக்கிவிட்டால் மட்டும் போதாது

கானா நாட்டு ஏரி ஒன்றில் மீன்பிடிப் படகு வேலைக்குக் கொண்டுபோன பிள்ளைகளை மீட்டதாகப் படத்தோடு செய்திகள் வருகின்றன, அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பவானிசாகர் அணையில் தண்ணீர் ரொம்பக் குறைந்துபோகும் வருடங்களில் டணாய்க்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள். கானாவின் அந்த வோல்டா ஏரியும் அணை கட்டியதால் உண்டானதுதான். 1965-ல் அகொசொம்போ அணை எழும்பியபோது அங்கே பெரிய காடும் முழுகியது. பெரும்பாலான மரங்களை வெட்டவே இல்லை. அவற்றில் பல இன்றைக்கும் தண்ணீருக்கடியில் நிற்கின்றன. மீன் வலை போய் அந்தக் கிளைகளில் மாட்டிக்கொள்ளும். அறுத்தால் முதலாளிக்கு நஷ்டம் என்று ஒரு பையனை உள்ளே இறக்குவார்கள். கலங்கின தண்ணீரில் தடவித் தடவித்தான் வலையை விடுவிக்க வேண்டும். அவன் காலே வலையில் சிக்கினால் மேலே வரமாட்டான்.

ஜேம்ஸ் கோஃபி அன்னான் 6 வயதில் அந்த ஏரிக்கு அனுப்பப்பட்டவர். 13 வயதில் தப்பி, படித்து, வங்கி வேலைக்குப் போனார். அப்புறம் இப்படிச் சிக்கிய பிள்ளைகளை மீட்க ஓர் அமைப்பையே தொடங்கினார்.

இந்தச் செய்திகளைப் பகிர்ந்தால் "பெத்தவளே வித்துட்டாளே" என்றுதான் முதலில் எழுதுகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்று சொல்லி, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்துத்தான் பல பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு அட்வான்ஸ் என்று பெயர், வேலை செய்தே கழிக்க வேண்டிய கடன். தறி, செங்கல் சூளை, நூல் மில் என்று எங்கே போனாலும் அதுதான். எங்கள் ஊர்த் தறிப்பட்டறையில் ஓர் அக்கா சொன்னார்: "அட்வான்ஸ் கழியலைங்க. நான் படுத்துட்டா பையன்தானுங்க போகோணும்."

நம் நாட்டின் 1976-ம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. மீட்ட பிள்ளைக்கு விடுவிப்புச் சான்றிதழ் தர வேண்டியது கலெக்டரோ கோட்டாட்சியரோதான். அது கையில் இல்லாவிட்டால் நாளைக்கே ஏஜென்ட் வாசலில் வந்து நின்று பாக்கியைக் கேட்பான், பிள்ளை திரும்பவும் போகும். மத்திய அரசின் 2016 கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் குழந்தைக்கு 2 லட்சம் உதவித்தொகை உண்டு. ஆனால் முழுசாக வர, முதலாளிக்குத் தண்டனை ஆக வேண்டும் என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். வழக்கு இழுக்கிற இழுப்பில் அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? இந்த நிபந்தனையை எடுத்தே ஆக வேண்டும்.

அதனால்தான் மீட்புப் படத்தில் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துக் கைதட்ட எனக்கு மனசு வருவதில்லை. சான்றிதழ் கொடுத்தாச்சா, எந்தப் பள்ளியில் சேர்த்தீர்கள், ஆறு மாதம் கழித்து யார் போய்ப் பார்ப்பார்கள் என்று அதன் கீழேயே கேளுங்கள். பக்கத்துப் பட்டறையில் ஒரு பிள்ளை வேலை செய்வது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். சொந்தக்காரர் பட்டறையாக இருந்தாலும் சொல்லுங்கள்.