பட்லரின் அம்மாவுக்கு ஒரு வரி போதாது

அமெரிக்கக் கறுப்பின அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவர் சிறுமியாக இருந்தபோது ஒரு மட்டமான அறிவியல் புனைகதைப் படம் பார்த்துவிட்டு, இதைவிட நானே நன்றாக எழுதுவேன் என்று தொடங்கியதைத்தான் கட்டுரை பெரிதாகச் சொல்கிறது. சுவையான கதைதான், அவரே பேட்டிகளில் சொன்னது. ஆனால் அவருடைய அம்மாவுக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி என்பது அநியாயம்.

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர் அந்த அம்மா. பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போவார். காதில் விழும் அவமானங்களைக் கேளாதவர் போல இருந்துவிடுவார். மகளுக்கு அது வெட்கமாக இருந்திருக்கிறது. அப்புறம் கல்லூரியில் சக மாணவர் ஒருவர், முந்தைய தலைமுறைக் கறுப்பின மக்கள் அடங்கிப்போனார்கள் என்று கடுமையாகப் பழித்தார். அந்தப் பணிவால்தான் தன் வயிறு நிறைந்தது என்பது பட்லருக்கு அதற்குள் புரிந்திருந்தது.

1979இல் வந்த 'கிண்ட்ரட்' நாவல் அதிலிருந்து பிறந்ததுதான். 1976ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு கறுப்பினப் பெண் அடிமைக்கால மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். முதலில் ஆணைத்தான் நாயகனாக வைத்திருந்தாராம். நிமிர்ந்து பார்க்கும் கறுப்பின ஆணை அந்தக் காலம் உயிரோடு விடாதே, கதை எப்படி நகரும்? பெண்ணாக மாற்றிவிட்டார். இந்த ஒரு முடிவுக்காகவே அவரைப் பிடிக்கும்.

சிப்ஸ் தரம் பார்ப்பது, பாத்திரம் கழுவுவது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டு, விடியும் முன் எழுந்து எழுதியவர். 1995இல், 'மேதைகளுக்கான நல்கை' என்று பெயர்பெற்ற மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. தனக்குத் தானே தெம்பூட்டி அவர் எழுதிய குறிப்புகள் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. அடுத்து அவற்றைப் பற்றி எழுதுங்களேன்.