டிக் அடிக்கிற வேலை

என் வேலையைப் பற்றி நண்பர் போட்ட அந்த ஒரு வரியைப் பற்றி உட்பெட்டியில் பலரும் கேட்டுவிட்டீர்கள். "ஏஐ எழுதுகிற கோடிங்குக்கு டிக் அடிக்கவும் டாலரா?" என்பதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் மூன்று என் கல்லூரித் தோழர்களுடையவை என்பதால் மட்டும் நான் இதை எழுதவில்லை.

ஏஐ எழுதுகிற நிரலைப் படித்து, பிழையைத் திருத்தி, விளக்கம் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. பிறர் எழுதிய நிரலைச் சரிபார்ப்பது, தானே எழுதுவதைவிடக் கடினம். சென்ற வாரம் கூட்டங்களுக்கு நேரம் குறிக்கும் பைத்தான் நிரல் ஒன்று வந்தது. பார்வைக்கு அத்தனை துப்புரவு. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அதே ஏஐ மாடல் எழுதிய ஆறு டெஸ்ட்டுகளும் பச்சை காட்டின. ஆனால், அவை லண்டன், நியூயார்க், டோக்கியோ என்று முழு மணிக்கணக்கில் வேறுபடும் ஊர்களை மட்டுமே சோதித்திருந்தன. உள்ளே ஒரு வரி, உலகப் பொது நேரத்துடனான (UTC) வேறுபாட்டில் மணிக்கு மேலுள்ள நிமிடங்களை வெட்டிக்கொண்டிருந்ததால், இந்தியாவின் 5:30, காத்மாண்டுவின் 5:45 இரண்டுமே 5 ஆகி, சென்னையின் பத்து மணிக் கூட்டம் ஒன்பதரை என்று காட்டியது. அதைக் கண்டுபிடித்து, திருத்தி, ஏன் தவறு என்று விளக்கமும் எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வேலை கொடுப்பவர்கள் கணக்கில் அந்தப் பணிக்கு நாற்பது நிமிடம்தான். மீதிக்குக் காசு கிடையாது. டிக் அடிப்பதென்றால் ஒரு நொடி போதுமே!

"ஏஐ இருந்தால் வேகம் கூடுமே" என்பார்கள். 2025-இல் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு நிரல் எழுதும் 16 அனுபவசாலிகளை வைத்துச் சோதித்தபோது, ஏஐ கருவிகளுடன் அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கருவிகள் நாளை மேம்படலாம், சரி. அன்றும் யாராவது உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

"உன் பிழைப்பைப் பறிக்கப்போகும் இயந்திரத்துக்கு நீயே பாடம் எடுக்கிறாயே" என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வீட்டுக் கடன் தவணை ஐந்தாம் தேதி வருகிறது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரித்தால் அம்மா "வீட்டிலதான் இருக்கான்" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். இது என்ன வேலை என்று அவருக்குத் தெரியாது, அதனால் எனக்குக் கோபமில்லை. நண்பருக்குத் தெரியும். ஒரே அலுவலகத்தில் இருந்தபோது, மறுநாள் காலை வெளியாக வேண்டிய அவருடைய நிரலை இரவு முழுக்கப் படித்து, விடிய நாலரைக்கு நான்தான் பிழையைக் காட்டினேன். அன்று அவர் வாங்கிக்கொடுத்த டீக்கு யாரும் சிரிப்புக் குறி போடவில்லை.