கறுப்பு பிளாஸ்டிக்குக்கு அந்தக் கேமரா உதவாது
"அகச்சிவப்பு ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா ஒன்று மாட்டினால் எந்தப் பிளாஸ்டிக்கையும் பிரித்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். (ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் என்றால், திரும்பி வரும் ஒளியைப் பல அலைநீளங்களாகப் பிரித்துப் பார்த்து, பொருள் எதுவென்று அடையாளம் காட்டுவது.) கறுப்புக்கு அது நடக்காது. மறுசுழற்சி பெல்ட்டுகளில் பெரும்பாலும் இருப்பது 900–1700 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பார்க்கும் கேமரா. கறுப்பு உணவுத் தட்டுகளில் கலந்திருக்கும் கார்பன் பிளாக் (கறுப்பு நிறம் தரும் கரித்தூள்) அந்த ஒளியை விழுங்கிவிடும். பிளாஸ்டிக் வகை பாலிப்ரொப்பிலீனோ பாலிஸ்டைரீனோ, திரும்பி வருவது வெறும் இரைச்சல். விளக்கைக் கூட்டினால் சூடுதான் மிச்சம். 3–5 மைக்ரான் நடு அகச்சிவப்புக் கேமரா வேண்டும், அதில் 3.4 மைக்ரான் பக்கம் பிளாஸ்டிக்கிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு தெரியும். (விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.)

வெளிர் நிறத் துண்டுகளிலேயே தப்பு வருகிறதென்றால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். 1450 நானோமீட்டர் அருகே தண்ணீர் உறிஞ்சி, பிளாஸ்டிக்கின் அடையாளத்தை மறைக்கும். அடுத்தது, அளவுதிருத்தத்துக்கு வைக்கும் வெள்ளைப் பலகை. அதில் தூசி படிந்தால் எல்லா அளவும் சேர்ந்தே பிசகும்.