முழுகி எழுந்த பிறகும் முன்னறையில்

யூதராகப் பிறக்கத்தான் முடியும், யூத மதத்தில் புதிதாகச் சேர முடியாது என்று நன்கு படித்த நண்பர்கள்கூட உறுதியாக நம்புகிறார்கள். அது சரியல்ல, சேரலாம். ஆனால் அவர்கள் யாரையும் வலியப் போய் அழைப்பதில்லை, தானாக வந்து கேட்பவரையும் முதலில் தடுத்துப் பார்ப்பதுதான் மரபு. இந்த மக்கள் துன்புற்றும் விரட்டப்பட்டும் வாழ்வது உனக்குத் தெரியாதா, பின் எதைக் கண்டு வருகிறாய் என்று வருபவரிடம் கேட்கச் சொல்கிறது யூதர்களின் பெரும் சட்டநூலான தல்மூத். தெரியும், அதற்கும் நான் தகுதியற்றவன் என்று அவர் சொல்லிவிட்டால் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும். கட்டளைகளில் எளியவை சிலவற்றையும் கடினமானவை சிலவற்றையும் சொல்லிக்கொடுத்து, ஆணாக இருந்தால் விருத்தசேதனம் செய்து, ஆணோ பெண்ணோ மூவர் அடங்கிய மத நீதிமன்றத்தின் முன்னிலையில் 'மிக்வே' என்னும் நீர்த்தொட்டியில் முழுகச் செய்வார்கள். முழுகி எழுந்தவர் எல்லா வகையிலும் இஸ்ரவேலர்.

வாசலில் எத்தனை கேள்வி கேட்டாலும் அது அந்தச் சமூகத்தின் உரிமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முழுகி எழுந்தவரைப் பிறகு ஒருநாள் மறுபடியும் வாசலுக்கு அழைத்து நிறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இதைப் புறத்தே நின்று நான் சொல்லும் நியாயமாகக் கொள்ள வேண்டாம். அவர்களுடைய சட்டமே இதைத்தான் சொல்கிறது. மதம் மாறியவரின் பிள்ளையிடம் 'உன் முன்னோர் செய்ததை நினைத்துப் பார்' என்று சொல்லிக் காட்டுவதை, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு வெளிப்படையாகத் தடுக்கிறது. ஒபதியா என்ற ஒருவர் 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸுக்குக் கடிதம் எழுதி, 'எங்கள் பிதாக்களின் தேவனே' என்று மதம் மாறிய நானும் ஜெபிக்கலாமா என்று கேட்டார். எல்லோரையும் போலவே ஒரு சொல்லையும் மாற்றாமல் ஜெபியுங்கள், ஆபிரகாம் உங்களுக்கும் தகப்பன்தான் என்பது கிடைத்த பதில். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தல்மூதின் இன்னொரு விதி. முழுகி எழுந்தவர் பிறகு பழைய வழிக்கே திரும்பிவிட்டாலும், அவர் தவறிழைத்த இஸ்ரவேலர்தானே தவிர அயலார் அல்லர். அவர் செய்துகொள்ளும் மண ஒப்பந்தமும் செல்லும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சமூகம் என்ன செய்தது என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை, கொச்சி வரை போனால் போதும். மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போகிறவர்கள் தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் திரும்பினேன். உள்ளே நுழையும் முன் கடந்துபோகும் அந்த முன்னறையில்தான் 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்டவர்கள் உட்கார வைக்கப்பட்டார்கள் என்பது பிறகு படித்துத் தெரிந்தது. அந்த எபிரேயச் சொல்லுக்கு விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து, முறைப்படி மதத்துக்குள் கொண்டுவரப்பட்டு, விடுதலை பெற்றவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் அவர்கள். யூதச் சட்டப்படி முழுமையான யூதர்கள். ஆனாலும் உள்ளே இருந்த இருக்கைகள் அவர்களுக்கு இல்லை. (பரதேசி என்பது நம் பேச்சில் வசைச் சொல்லாகிவிட்டது, மட்டாஞ்சேரியில் அதுவே வெளியிலிருந்து வந்து குடியேறிய யூத உயர்குடியின் பெயர்.)

இந்தச் சிக்கல் கொச்சியில் அந்த ஜெப ஆலயத்தைவிடவும் பழையது. 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த யூத மதகுருவான ரபி தாவீது இப்னு சிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி போயிருக்கிறது. செல்வமும் பக்தியும் உடைய ஒரு பெரும்பான்மையை, அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு சிறுபான்மை பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுக்கிறது, என்ன செய்வது என்பது கேள்வி. முறைப்படி முழுக்கு நடந்துவிட்டால் தடையேதும் இல்லை, மணஉறவு கொள்ளலாம் என்று ரபி தீர்ப்பெழுதி அனுப்பினார். தீர்ப்பு வந்து சேர்ந்தது, கொச்சி மாறவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் காந்தியின் சத்தியாக்கிரக முறையை ஜெப ஆலயத்துக்கே கொண்டுவந்து போராடித்தான் அந்த இருக்கைகளைப் பெற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும், 1950-இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணத்தைக் கொச்சியில் நடத்த முடியாமல் பம்பாய்க்குப் போக நேர்ந்தது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு, சாதிதான் அவர்களையும் பிடித்துக்கொண்டது என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் பழியை முழுதும் நம் மண்ணின் மேல் போட்டுவிட்டால், சாதியே இல்லாத இடத்தில் இதே செயல் எப்படி நடக்கிறது என்பதற்கு விடை கிடைக்காது.

இஸ்ரேலின் அஷ்தோத் நகரில் ஒரு பெண் விவாகரத்துக்காக மத நீதிமன்றத்துக்குப் போனார். பல ஆண்டுகளுக்கு முன் முறைப்படி யூதரானவர் அவர். கணவனும் மனைவியும் மனமொத்தே பிரிய வந்திருந்தார்கள். ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிறாயா என்று கேட்ட நீதிபதி, பதிலில் திருப்தி அடையாமல், இந்த மதமாற்றமே செல்லாது, ஆகவே திருமணமும் செல்லாது, பிள்ளைகளும் யூதர்கள் அல்லர் என்று எழுதிவிட்டார். மேல்முறையீட்டில் 2008-இல் உயர் மத நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அரசின் மதமாற்ற அமைப்புக்குத் தலைமை வகித்த ரபி ஹாயிம் ட்ருக்மன் 1999 முதல் செய்துவைத்த மதமாற்றங்கள் அனைத்தையும் செல்லாதவை என்றது. ஆயிரக்கணக்கானோர், தாங்கள் யூதர்கள்தானா என்று தெரியாமல் ஒரே நாளில் நிறுத்தப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளுபடி செய்ய 2012 ஆயிற்று.

நேர்மையின்றி மாறியவர்களைக் களையவே இது என்றார்கள் ஆதரித்தவர்கள். யூதத் தாய்க்குப் பிறந்தவர் ஓய்வுநாளில் கார் ஓட்டலாம், பன்றி இறைச்சி தின்னலாம், கடவுளே இல்லை என்றும் சொல்லலாம். அவர் யூதரா என்று எவரும் கேட்பதில்லை. மாறி வந்தவர் மட்டும் ஆயுள் முழுதும் தேர்வு எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ட்ருக்மனும் மரபுச் சட்டத்தை அப்படியே பின்பற்றும் வைதிக (ஆர்த்தடாக்ஸ்) ரபிதான் என்பதைக் கவனித்தால், இந்த வழக்கின் மையம் அந்தப் பெண்ணின் ஒழுக்கம் அன்று, முத்திரை குத்தும் அதிகாரம் எந்த ரபியின் கையில் என்பதே என்று விளங்கும்.

2021 மார்ச் 1 அன்று, வைதிகத்தைச் சாராத சீர்திருத்த, கன்சர்வேடிவ் யூதப் பிரிவுகள் இஸ்ரேலுக்குள் செய்துவைக்கும் மதமாற்றத்தையும் குடியுரிமைக்கு ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு தொடுத்தவர்கள் 2005 முதல் காத்திருந்தார்கள். நல்ல தீர்ப்புதான், ஆனால் அது குடியுரிமையோடு நின்றுவிடுகிறது. யூதர்களின் திருமணமும் மணமுறிவும் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி வைதிக ரபிகளின் கையில் இருக்கின்றன; அரசுப் பதிவுத் திருமணம் என்ற ஒன்று அங்கே கிடையாது. ஆகவே உள்துறை அமைச்சகத்தின் ஏட்டில் யூதராக இருக்கும் ஒருவர், திருமணம் என்று வரும்போது தலைமை ரபி அலுவலகத்தின் கணக்கில் யூதர் அல்லர். அப்படிப்பட்ட இணையர் பலர் விமானமேறிச் சைப்ரஸ் தீவுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அந்தச் சான்றிதழோடு திரும்பி வந்து அதே உள்துறை அமைச்சகத்தில் தங்களைத் தம்பதியாகப் பதிந்துகொள்கிறார்கள். 1950-இல் கொச்சிக்காரர்களுக்கு இருந்த பம்பாய் இவர்களுக்குச் சைப்ரஸ்.