டெஸ்ட்டுக்கு வராத பொம்பளைங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி

கர்ப்பப்பை வாய் புற்றுநோய்னு பேச்சு வந்தாலே "பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு முடிச்சிடுறாங்க, எனக்கு இதுல உடன்பாடே இல்லைங்க. எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போற அக்காங்களுக்கே பி.ஹெச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையத்துல) முப்பது வயசுக்கு மேல ஃப்ரீயா டெஸ்ட் எடுக்குறாங்கன்னு தெரியும், நர்ஸம்மா வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போறாங்க. தெரிஞ்சும் போறதில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 30-49 வயசுப் பொம்பளைங்கள்ல ஒரு தடவையாவது இந்த டெஸ்ட் எடுத்தவங்க 9.8 சதவீதம்தான், இந்தியா முழுக்கப் பார்த்தா வெறும் 1.9.

"நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு"ன்னு கேக்குறவங்க ஒரு பக்கம். ஆனா இது பத்து வருஷத்துக்கு மேல கூட சத்தமே இல்லாம உள்ள இருந்துட்டு வர்ற நோய், நல்லா இருக்கும்போதே பார்த்தாதான் பிரயோஜனம்.

இன்னொரு பக்கம் எங்க சித்தி மாதிரி ஆளுங்க. தைரியமா கிளம்பிப் போனாங்க. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஸ்கிரீன் பாதிதான் மூடுது, கூச்சத்துல உடம்பை இறுக்கினா "புள்ள பெத்தப்ப வராத வெக்கம் இப்ப எங்கேர்ந்து வந்துச்சு"ன்னு அதட்டல், நடுவுல யாரோ ஃபைல் எடுக்க உள்ள வர்றாங்க. சித்தி புடவையை இழுத்து விட்டுக்கிட்டு எழுந்து வந்துட்டாங்க, அவங்களைப் பார்த்து தெருவுல நாலு பேர் போகலை. இதுக்குப் பேரு விழிப்புணர்வு இல்லாததா?

அப்புறம் இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் உடலுறவுல பரவுதுன்னு கேள்விப்பட்டதும் "ரிசல்ட் வந்தா வீட்டுல என்ன நினைப்பாங்க"ன்னு ஒரு பயம். புருஷனைத் தவிர யாரையும் தெரியாதவங்களுக்கும் அது வரும், பெரும்பாலானவங்களுக்குத் தானாவே போயிடும், இதை முதல்ல ஆம்பளைங்களுக்குச் சொல்லணும்.

டெஸ்ட்ல பெருசா ஒண்ணுமே இல்லை, கர்ப்பப்பை வாயில நீர்த்த அசிட்டிக் ஆசிட் தடவி ஒரு நிமிஷம் விட்டுப் பார்க்குறாங்க, வெள்ளையா மாறுற இடத்தைச் சந்தேகப்படுறாங்க, அவ்ளோதான். நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலயே டிரெய்னிங் எடுத்த நர்ஸுங்க ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்து, தேவைப்பட்டவங்களுக்கு ட்ரீட்மென்ட்டும் குடுத்ததுல இந்தப் புற்றுநோயால வர்ற சாவு 35 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2007ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. நர்ஸுங்களாலதான் இது நடந்துச்சு, அதனாலதான் அந்த ரூம்ல அவங்க பேசுற விதம் இவ்ளோ முக்கியம்னு சொல்றேன்.

இப்போ அந்த வைரஸ் இருக்கான்னு பார்க்குற ஹெச்பிவி டெஸ்ட்டுக்கு நாமளே குச்சியை வச்சு சாம்பிள் எடுத்துக் குடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்குது. எல்லா பி.ஹெச்.சி.லயும் அது வரணும். வர்ற வரைக்கும் ஒரு தாழ்ப்பாள், முழுசா மூடுற ஸ்கிரீன், தொடுறதுக்கு முன்னாடி "இப்ப இதைப் பண்ணப் போறேன்மா"ன்னு ஒரு வார்த்தை, இதுக்கெல்லாம் எந்த ஜி.ஓ.வுக்கும் காத்திருக்க வேண்டாம்.